ஐந்துக்குக் குறைந்தவை

பதினோராயிரத்து நானூற்று ஆறு கட்டுரைகள்.
அத்தனையும் பன்றியைப் பற்றி.
முப்பது ஆண்டு, எண்பத்தெட்டு நாடு.
பன்றியொன்றைக் கிட்ட நின்று கண்டிராத நான்
ஏறாவூரில் பஸ் ஏறி
வந்தாறுமூலைக் கணினி அறையில் குந்தியிருந்து
எண்ணி முடித்தேன்.

என்ன வேலையென்று உம்மா கேட்டா.
கணக்கு என்றேன்.
என்ன கணக்கென்று கேட்கவில்லை.
சம்பளம் எப்ப என்று கேட்டா.

திரையில் உலகம் விரிந்து கிடந்தது.
சீனாவின் மேல் சுளகளவு வட்டம்,
அமெரிக்காவின் மேல் இன்னொன்று,
டென்மார்க் சின்ன நாடு, அதற்குக் கொய்யாப்பழமளவு.
எங்கள் தீவின் மேல் வெறும் கடல் நிறம்.
ஐந்துக்குக் குறைந்தவற்றை விட்டுவிடு என்று
மென்பொருளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன்.

சொற்களுக்கும் வட்டங்கள் உண்டு.
எடை, ஈற்று, இறைச்சியின் நிறம்,
மருந்துக்கு அடங்காத கிருமி.
பிறகு ஒரு வருசம்
எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு
காய்ச்சல் என்ற சொல்
பூசணி போல வீங்கிக்கொண்டு வந்தது.
பார்க்க வடிவாயிருந்தது.
முதல் பக்கத்துக்கு அந்தப் படத்தைத்தான் வைத்தோம்.

ஐப்பசியில் தன்னாமுனையில் சாகத் தொடங்கின.

படிவம் நிரப்ப ஆளில்லை, நான் போனேன்.
ஆறு கிலோமீற்றர்.
ஓட்டோக்காரர் சந்தியில் இறக்கிவிட்டு
அங்கால வரமாட்டன் தங்கச்சி என்றார்.

டொறின் பார்த்லட் என் முக்காட்டைக் கண்டா.
ஒன்றும் கேட்கவில்லை.
காற்று வரும் பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு
வேலிக்கு வெளியே வேம்பின் கீழ்
பிளாஸ்ரிக் கதிரையொன்றைப் போட்டா.
கடைச் சோடா ஒன்று, மூடி திறக்காமல்.
“நீ உள்ளுக்கு வராதகா புள்ள.
நான் சொல்றன், எழுது.”

இருபத்தாறு.
இருபத்தஞ்சு குழிக்குள்ள.
முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு அவவுக்கு.
மிச்சம் ஒரு தாய். அது தின்னுதில்லை.
“போர்க்கு, போர்க்கு” என்று கொட்டில் பக்கம் கூப்பிட்டா,
பறங்கி வீட்டுப் பாசை.
என் பதினோராயிரத்தில்
ஒரு தாளும் அதில் எழுதியதில்லை.
உள்ளே ஏதோ எழும்பப் பார்த்து
படுத்துக்கொள்ளும் சத்தம்.

கேள்வி ஒன்பது, தீவனம்.
“பாசிக்குடா ஹொட்டேல் மிச்சம்.
நாளைக்கு நாலு வாளி.”
கேள்வி பத்து, கொதிக்க வைத்தீர்களா?

பேனை நின்றுவிட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்.
பங்குனியிலேயே சுருக்கங்களை வாசித்து
உணவுக் கழிவு என்று பெயர் வைத்து
இளமஞ்சள் பூசி அடுக்கியவள் நான்.
எந்தக் கண்டத்தில் எழுதியிருந்தாலும்
மஞ்சளுக்குள் திரும்பத் திரும்ப ஒரே வரி.

“கொதிக்க வைக்கோணுமா? ஆரு சொன்ன?”
“எல்லா நாட்டிலயும் சொல்லியிருக்காங்க.”
“எப்ப?”

சோடாவைத் திறந்தேன்.
காற்று வாவிப் பக்கம் திரும்பி
குழியின் நாற்றத்தைக் கொண்டுவந்தது.
மூக்கைப் பொத்தவில்லை.
அவவுக்கு முன்னால் பொத்த ஏலாமலிருந்தது.

ராவு குளித்து, உடுப்பை ஊறப்போட்டு,
குரல்செய்தி அனுப்பினேன்.
அரை மணித்தியாலம், கொதி அடங்க விடாமல்,
அடியிலிருந்து கிண்டிக் கிண்டி.
மூன்று தரம் அழித்துத்தான் தமிழில் சொல்ல வந்தது.
அதைத் தமிழில் நான் அதுவரை
வாய்விட்டுச் சொன்னதேயில்லை.

விடியப்புறம் பதில் இருந்தது.
“சரிகா புள்ள. அடுத்த குட்டி எடுத்தா பாப்பம்.
நாலு வாளி கொதிக்க விறகுக்கு என்ன செலவு,
அதும் எழுதியிருக்காங்களா?”

விறகு என்று தட்டித் தேடினேன்.
மூன்று.

ஐந்தை அழித்து ஒன்று என்று போட்டேன்.
மறுபடி ஓட்டச் சொன்னேன்.
நாலரை பஸ் போய்விட்டது,
உம்மா இரண்டு தரம் அழைத்துவிட்டா,
திரையில் கடல் நிறத்துக்குள்
அங்கொன்று இங்கொன்றாய்
கொப்புளம் போலப் புள்ளிகள்.
இன்னும் முடியவில்லை.